மக்காச்சோளத்துக்கு நீர்த்தேவை வரைபடம்: எந்தத் துண்டுக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

ஒரே வயலில், ஒரே நாளில் விதைத்த மக்காச்சோளம் மேட்டில் இலை சுருண்டும் பள்ளத்தில் மஞ்சளித்தும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டுக்குத் தண்ணீர் போதவில்லை என்று நேரத்தைக் கூட்டினால், பள்ளத்தின் மஞ்சள் இன்னும் கூடும். இரண்டு இடத்திலும் பயிர் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது மண் என்கிற தொட்டியின் கொள்ளளவு. சிறிய தொட்டியை அடிக்கடி கொஞ்சமாக நிரப்ப வேண்டும், பெரிய தொட்டியை எப்போதாவது நிறைய நிரப்ப வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் நீர்த்தேவை வரைபடம்.

எடுத்துக்காட்டுக்குப் பெரம்பலூர்ப் பக்கத்து 2 ஏக்கர் கிணற்றுப்பாசன நிலத்தை எடுத்துக்கொள்வோம். 110 நாள் வீரிய ஒட்டு மக்காச்சோளம், தைப்பட்டத்தில் ஜனவரி 20 விதைப்பு, பார் பிடித்து 60 × 25 செ.மீ. இடைவெளி. தைப்பட்டத்தை எடுப்பதற்குக் காரணம் உண்டு. மழையை நம்ப முடியாத பருவம், பயிர் அதிகம் குடிக்கும் நாட்களில்தான் வெயிலும் ஏறுகிறது, கிணறும் இறங்குகிறது. இங்கே கணக்கு நின்றால் ஆடியிலும் புரட்டாசியிலும் சுலபமாக நிற்கும்.

1. நிலத்தைத் தாளில் இறக்குதல்

புல எண்ணுக்கான புலப்படத்தை வருவாய்த்துறையின் இணைய சேவையில் எடுத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்து வரைகட்டத் தாளில் 1 செ.மீ. = 5 மீட்டர் என்ற அளவில் வரையுங்கள். 2 ஏக்கர் என்பது சுமார் 8,100 சதுர மீட்டர், ஒரு பெரிய தாளில் அடங்கிவிடும். கிணறு, குழாய் வாய், வாய்க்கால், மடை, வரப்பு, வரப்போர மரங்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். வேப்பமரத்தையோ தென்னையையோ விட்டுவிடாதீர்கள். மரத்தடியில் பயிர் வாடுவதற்கு மண்ணைக் குறை சொல்லி, துண்டு பிரிப்பதையே கெடுத்துக்கொள்வது வழக்கமான தவறு.

அடுத்து மேடு பள்ளம். கைபேசியின் இருப்பிடக் கருவி சில மீட்டர் தள்ளிக் காட்டும். எல்லை பிரிக்க அது போதும், உயரம் அளக்க உதவாது. உயரத்துக்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் கண்ணாடிக் குழாய் மட்டமே நல்லது. கிணற்று வாயிலிருந்து 20 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் நீர்மட்ட வேறுபாட்டைச் செ.மீ. கணக்கில் எழுதுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

செயற்கைக்கோள் படத்தையும் பயன்படுத்தலாம். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஆகவே 2 ஏக்கருக்கு 80 புள்ளிகள் கிடைக்கும். போன பட்டத்தில் பயிர் நின்ற நாளின் பசுமைக் குறியீட்டைப் பார்த்தால் வெளுத்த திட்டுகள் தனியே தெரியும். எங்கே தோண்ட வேண்டும் என்பதற்கு இது நல்ல துப்பு, அவ்வளவுதான். உலக மண் வரைபடங்களில் ஒரு புள்ளி 250 மீட்டர் என்றால் அதுவே 15 ஏக்கர். உங்கள் 2 ஏக்கருக்குள் அது எதையும் பிரித்துக் காட்டாது.

2. தோண்டிப் பார்த்தல்

வேலையில் பாதி இதுதான். 20 மீட்டருக்கு ஒரு குழி என்று வைத்தால் 2 ஏக்கருக்கு 20 குழிகள் வரும். மண் துளைப்பான் இருந்தால் ஒரு காலை வேலை, கடப்பாரையும் மண்வெட்டியும் என்றால் ஒரு நாள். ஒவ்வொரு குழியிலும் 0–15, 15–30, 30–60 செ.மீ. ஆழத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து மூன்று விஷயங்களைக் குறியுங்கள்.

முதலாவது மண்ணின் பதம். ஈரப்படுத்திப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா போல நெருக்கித் தள்ளுங்கள். நாடாவே வராமல் உருண்டை மட்டும் பிடித்தால் மணல் பாங்கு. 2.5 செ.மீ.க்குள் ஒடிந்தால் இருபொறை (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்). 2.5 முதல் 5 வரை வந்தால் களி கலந்த இருபொறை. 5 செ.மீ.க்கு மேல் ஒடியாமல் தொங்கினால் களி.

இரண்டாவது சரளை. காய்ந்த மண்ணை உடைத்து 2 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே தங்குவதையும் கீழே விழுவதையும் எடை போடுங்கள். கல் தண்ணீர் பிடிக்காது. 30 சதவீதம் சரளை இருந்தால் மண்ணின் நீர்க்கொள்ளளவில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும். செம்மண் மேடுகளில் கணக்கு பொய்ப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவது ஆழம். கடப்பாரை எங்கே 'டங்' என்று நிற்கிறது? சுக்கான்கல்லோ பாறையோ 45 செ.மீ.யில் வந்தால் வேரும் அங்கேயே நிற்கும். உழவால் இறுகிய தட்டு 20–25 செ.மீ.யில் இருந்தால் அதையும் குறியுங்கள். அதை உடைக்காமல் 60 செ.மீ. வேர் என்று கணக்குப் போட்டால் தாளில் மட்டும்தான் தண்ணீர் இருக்கும்.

20 குழியின் குறிப்புகளையும் தாளில் எழுதியதும் ஒத்தவற்றைக் கோடு போட்டுச் சேருங்கள். நான்கைந்து துண்டுக்கு மேல் பிரிக்க வேண்டாம். தனி மடையோ தனி வால்வோ வைக்க முடியாத துண்டு வரைபடத்துக்கு அழகு, வயலுக்குப் பயனில்லை. நம் எடுத்துக்காட்டில் மூன்று துண்டுகள்:

– மேட்டுத் துண்டு, 80 சென்ட்: சரளை கலந்த செம்மண், 45 செ.மீ.யில் சுக்கான்.
– நடுத் துண்டு, 70 சென்ட்: செம்மண் இருபொறை, 60 செ.மீ.க்கு மேல் ஆழம்.
– பள்ளத் துண்டு, 50 சென்ட்: கரிசல் களி, ஆழமானது.

3. தொட்டியின் கொள்ளளவு

ஒரு மீட்டர் ஆழ மண்ணில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய நீர் மணலில் 50–110 மி.மீ., மணல் கலந்த இருபொறையில் 110–150, இருபொறையில் 130–180, களியில் 120–200. சரளையைக் கழித்து நம் மூன்று துண்டுகளுக்கு முறையே 100, 130, 180 என்று வைத்துக்கொள்வோம். மக்காச்சோள வேர் ஒரு மீட்டருக்கு மேலும் இறங்கும். ஆனாலும் பாசனக் கணக்குக்கு 60 செ.மீ.யே பத்திரம். மேட்டில் சுக்கான் தடுப்பதால் 45.

இருக்கும் நீர் முழுவதையும் பயிரால் சிரமமின்றி எடுக்க முடியாது. மக்காச்சோளத்துக்குப் பாதி என்று கொள்ளலாம். அதற்குக் கீழே போனால் வாடல் கண்ணுக்குத் தெரியும் முன்பே வளர்ச்சி குறையத் தொடங்கிவிடும்.

மேடு: 100 × 0.45 = 45, பாதி 22 மி.மீ.
நடு: 130 × 0.60 = 78, பாதி 39 மி.மீ.
பள்ளம்: 180 × 0.60 = 108, பாதி 54 மி.மீ.

இந்த மூன்று எண்களும்தான் வரைபடத்தின் உயிர். துண்டின் நடுவில் பெரிதாக எழுதிவையுங்கள். ஒருமுறை கண்டுபிடித்தால் ஆண்டுதோறும் தோண்ட வேண்டியதில்லை. பயிர் மாறினால் வேர் ஆழத்தையும் அந்தப் 'பாதி'யையும் மட்டும் திருத்தினால் போதும்.

4. பயிர் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும்?

மண்ணிலிருந்து ஆவியாவதையும் இலை வழியே வெளியேறுவதையும் சேர்த்து ஆவியுயிர்ப்பு என்கிறோம். தண்ணீர்க் குறைவில்லாத பசும்புல் தரை ஒரு நாளில் இழப்பது ஒப்பு ஆவியுயிர்ப்பு. அதைப் பயிர்க் கெழுவால் (பயிருக்கும் அதன் பருவத்துக்கும் ஏற்ப மாறும் எண்) பெருக்கினால் நம் பயிரின் தேவை.

பக்கத்தில் வானிலை நிலையம் இருந்து ஆவிமானி (திறந்த தொட்டியில் ஒரு நாளில் ஆவியாகும் நீரை அளக்கும் கருவி) அளவு கிடைத்தால் அதை 0.7-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் வெப்பநிலையை மட்டும் வைத்துப் போடும் ஹார்கிரீவ்ஸ் கணக்கு இருக்கிறது: 0.0023 × (சராசரி வெப்பநிலை + 17.8) × (அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கமூலம்) × கதிர்வீச்சு எண். 11 பாகை வட அட்சத்துக்குக் கதிர்வீச்சு எண் ஜனவரியில் 13.0, பிப்ரவரியில் 14.0, மார்ச்சில் 15.2, ஏப்ரலில் 15.7, மே மாதத்தில் 15.6.

மார்ச்சில் அதிகபட்சம் 36, குறைந்தபட்சம் 23 பாகை என்றால் சராசரி 29.5, வேறுபாடு 13, அதன் வர்க்கமூலம் 3.6. பெருக்கினால் ஒரு நாளைக்கு 6 மி.மீ. காற்று பலமாக வீசும் இடங்களில் இந்தக் கணக்கு குறைத்துக் காட்டும். திறந்த வெளியில் ஆவிமானியே நம்பகமானது.

பயிர்க் கெழுவுக்கு ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் அட்டவணையே அடிப்படை: தானிய மக்காச்சோளத்துக்குத் தொடக்கத்தில் 0.3, உச்சத்தில் 1.2, வயலிலேயே காயவிட்டு அறுத்தால் முடிவில் 0.35. இதில் தொடக்க எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். விதைப்புத் தண்ணீர், உயிர்த்தண்ணீர், அதற்குப் பிறகும் அடுத்தடுத்து என்று வெற்று மண்ணை நனைத்துக்கொண்டே இருப்பதால் ஆவியாவது அதிகம். 0.5 வைப்பதே பொருத்தம். எடுத்துக்காட்டு நிலத்தின் கணக்கு:

– தொடக்கம், 20 நாள் (ஜன. 20 – பிப். 8): 4.6 × 0.5 = நாளுக்கு 2.3 மி.மீ., மொத்தம் 46.
– வளர்ச்சி, 30 நாள் (மார்ச் 10 வரை): 5.3 × 0.85 = 4.5 மி.மீ., மொத்தம் 135.
– உச்சம், 35 நாள் (ஏப். 14 வரை): 6.1 × 1.2 = 7.3 மி.மீ., மொத்தம் 256.
– முதிர்ச்சி, 25 நாள் (மே 9 வரை): 6.2 × 0.78 = 4.8 மி.மீ., மொத்தம் 120.

கூட்டினால் 557 மி.மீ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு உச்சத்தின் 35 நாளிலேயே போய்விடுகிறது. ஆண் பூங்கொத்து வெளிவந்து கதிரில் பட்டு நூல் நீளும் நாட்கள் இவை. இங்கே காயவிட்டால் பட்டு தாமதமாகும், மகரந்தம் உதிர்ந்துபோகும், கதிரில் மணி பிடிக்காது. பின்னால் எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் அந்த மணி திரும்ப வராது. தொடக்கத்தில் சிக்கனம் பிடிக்கலாம், உச்சத்தில் முடியாது.

நாட்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். நடைபாதை மறையும்படி இலை மூடிவிட்டால் தேதி எதுவானாலும் உச்சம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

5. மில்லிமீட்டரை மோட்டார் நேரமாக்குதல்

ஒரு சென்ட்டில் 1 மி.மீ. தண்ணீர் என்பது 40.5 லிட்டர். ஏக்கருக்கு 4,050 லிட்டர். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

மோட்டாரின் எச்.பி.யை வைத்து நீர்வரத்தை முடிவு செய்யாதீர்கள். 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பாருங்கள். 25 விநாடி என்றால் விநாடிக்கு 8 லிட்டர், மணிக்கு 28,800. இந்த அளவை மோட்டார் போட்டதும் எடுக்காமல், ஒரு மணி நேரம் ஓடிக் கிணற்று மட்டம் இறங்கிய பிறகு எடுங்கள். தை மாதத்து அளவு பங்குனிக்குச் செல்லாது, திரும்ப அளக்க வேண்டும். அளக்கும் இடமும் முக்கியம்: மண் வாய்க்காலில் கசிவதையும் கணக்கில் கொண்டுவர வேண்டுமானால் மடைவாயில் அளக்க வேண்டும். கிணற்றடியில் அளந்தால் கசிவைத் தனியே கழிக்க வேண்டும்.

சால் பாசனத்தில் விட்ட தண்ணீரில் 65 சதவீதம் வேருக்குச் சேரும் என்று வைத்தால், உச்சப் பருவத்தின் கணக்கு:

மேடு: 22 ஐ 7.3-ஆல் வகுத்தால் 3 நாள். 21.9 மி.மீ. × 80 சென்ட் × 40.5 = சுமார் 71,000 லிட்டர். 0.65-ஆல் வகுத்தால் 1,09,000. மோட்டார் நேரம் 3 மணி 47 நிமிடம்.

நடு: 5 நாளுக்கு ஒருமுறை, 36.5 மி.மீ. விட வேண்டியது 1,59,000 லிட்டர், 5 மணி 32 நிமிடம்.

பள்ளம்: 7 நாளுக்கு ஒருமுறை, 51.1 மி.மீ. இதற்கும் அதே 1,59,000 லிட்டர், அதே 5 மணி 32 நிமிடம்.

50 சென்ட்டுக்கும் 70 சென்ட்டுக்கும் ஒரே நேரமா என்று தோன்றும். கரிசல் ஒரே மூச்சில் அதிகம் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் தாங்குகிறது, அதுதான் காரணம். இதே 5 மணி நேரத்தை மேட்டில் விட்டால் 22 மி.மீ.க்கு மேற்பட்டது சுக்கானுக்கு மேல் தேங்கும் அல்லது சரிவில் கசிந்து பள்ளத்துக்கு இறங்கும், போட்ட யூரியாவையும் இழுத்துக்கொண்டு.

விதைத்த 25ஆம் நாளில் வேர் 25 செ.மீ. ஆழம் என்று வைத்தால் தொட்டியும் அந்த அளவுக்குச் சிறியது. அப்போது தேவை நாளுக்கு 3.1 மி.மீ. மேட்டுக்கு 12 மி.மீ. வீதம் 4 நாளுக்கு ஒருமுறை, பள்ளத்துக்கு 22 மி.மீ. வீதம் 7 நாளுக்கு ஒருமுறை. இளம்பயிரில் கரிசலில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினாலே மக்காச்சோளம் மஞ்சளிக்கும். 'சின்னப் பயிர்தானே, நன்றாகக் கட்டிவிடலாம்' என்பது இங்கே நேர் எதிரான வேலை.

6. கிணறு தாங்குமா? விதைக்கும் முன் பார்க்க வேண்டியது

உச்சத்தில் 2 ஏக்கருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு வேண்டியது 59,000 லிட்டர். சால் இழப்பைச் சேர்த்தால் 91,000.

வட்டக் கிணறு 8 மீட்டர் விட்டம் என்றால் அதன் பரப்பு 50 சதுர மீட்டர், ஒரு மீட்டர் ஊறினால் 50,000 லிட்டர். மாலையில் இறைத்து நிறுத்தி மட்டத்தைக் குறித்து, 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 60 செ.மீ. ஏறியிருந்தால் 30,000 லிட்டர், அதாவது நாளைக்கு 60,000. இது 91,000-க்குப் போதாது. சால் பாசனத்தில் இந்தக் கிணற்றுக்கு 132 சென்ட்டுக்கு மேல் மக்காச்சோளம் தாங்காது. 90 சதவீதம் சேரும் சொட்டுநீர் போட்டால் தேவை 65,700 லிட்டராக இறங்கும், 180 சென்ட் வரை போகலாம்.

இந்தக் கணக்கைப் போடாமல் 2 ஏக்கரும் விதைத்துவிட்டுப் பங்குனியில் முறை வைத்துத் தண்ணீர் கட்டினால், முழு நிலத்திலும் அரைக் கதிர்தான். வரைபடம் இல்லாமல் பரப்பைக் குறைப்பவர்கள் வாய்க்கால் தூரத்தைப் பார்த்து ஓர் ஓரத்தை விடுவார்கள். வரைபடம் இருந்தால் விட வேண்டியது மேட்டுத் துண்டில் என்று தெரியும். 3 நாளுக்கு ஒருமுறை நச்சரிப்பது அதுதான். அதில் எள் போடலாம்.

7. சொட்டுநீர் என்றால்

இணை வரிசைக்கு நடுவே 1.2 மீட்டருக்கு ஒரு பக்கவாட்டுக் குழாய், 40 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர் என்றால் நீர் விழும் வேகம் மணிக்கு 8.3 மி.மீ. உச்சத்தில் நாளுக்கு 7.3 மி.மீ., அதை 0.9-ஆல் வகுத்தால் 8.1. ஏறக்குறைய 58 நிமிடம். நம் மோட்டார் ஒரே நேரத்தில் 85 சென்ட்டுக்கு மேல் தள்ளாது, ஆகவே துண்டுக்கு ஒரு வால்வு சரியாகப் பொருந்துகிறது. மேட்டுக்குத் தினமும், நடுவுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு பங்கு, பள்ளத்துக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்று பங்கு. மண்ணைப் பார்க்காமல் பரப்பைச் சமமாகப் பிரித்து வால்வு வைத்த வயல்களில் இந்த வரைபடத்தைப் பிறகு பயன்படுத்துவது கடினம். குழாய் பதிக்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

கிணற்று நீர் உப்பாக இருந்தால் மின்கடத்துதிறனைப் பாருங்கள். மக்காச்சோளம் மீட்டருக்கு 1.1 டெசிசைமன் வரை நட்டமின்றித் தாங்கும். 1.5 என்றால், 10 சதவீத விளைச்சல் இழப்பை ஏற்றுக்கொண்டாலும், 14 சதவீதம் கூடுதலாக விட்டு உப்பைக் கீழே தள்ள வேண்டும். இது சொட்டுநீருக்குத்தான். சால் பாசனத்தில் வீணாவதே அந்த வேலையைச் செய்துவிடும், மேலும் கூட்ட வேண்டாம்.

8. மழையைக் கழித்தல்

கோடை மழை 40 மி.மீ. பெய்தது என்று எல்லாத் துண்டிலும் 40 கழிக்கக்கூடாது. மேட்டில் அன்று 15 மி.மீ. மட்டுமே காலியாக இருந்தால் 15 தான் கணக்கு, மீதி போய்விட்டது. பள்ளத்தில் 45 காலியாக இருந்தால் 40 முழுவதும் வரவு. அதனால் துண்டுக்கு ஒரு பக்கம் போட்டு நோட்டு வையுங்கள்: நேற்றுக் காலி + இன்று குடித்தது − மழை − பாசனம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். 22, 39, 54 என்ற எல்லையைத் தொட்டால் அந்தத் துண்டின் மடையைத் திறக்க வேண்டும். 5 மி.மீ.க்குக் குறைந்த தூறலைக் கணக்கில் சேர்ப்பது வீண், இலையிலும் மேல்மண்ணிலும் காய்ந்துபோகும்.

9. வரைபடம் சொல்வது சரியா?

தண்ணீர் கட்டிய மறுநாள் (கரிசலில் இரண்டாம் நாள்) கைப்பிடி வைத்த அரை அங்குலக் கம்பியை அழுத்துங்கள். ஈரம் உள்ளவரை இறங்கும், காய்ந்த மண்ணில் நிற்கும். நடுத் துண்டில் 60 செ.மீ. இறங்க வேண்டியது 35-இல் நின்றால் நேரம் போதவில்லை, அல்லது தண்ணீர் சாலில் வேகமாக ஓடிக் கடைசிக்குப் போய்விட்டது. சாலின் தலை, நடு, கடை மூன்றிலும் குத்திப் பாருங்கள். தலையில் ஆழமாகவும் கடையில் மேலாகவும் இருந்தால் சால் நீளம் அதிகம். பொதுவான அளவு இது: தண்ணீர் கடையைத் தொட எடுக்கும் நேரம், மொத்தப் பாய்ச்சல் நேரத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. செம்மண்ணில் போனால் சாலைப் பாதியாக வெட்டி நடுவில் ஒரு வாய்க்கால் எடுங்கள்.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டிக் கருவியும் உதவும். நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளில் ஈரத்தைச் சொல்லும். துண்டுக்கு ஓர் இடம், இரண்டு ஆழம் என்று பாருங்கள். 15 செ.மீ.யில் சிவப்பும் 40-இல் பச்சையும் என்றால் அவசரமில்லை. மேல்மண் காய்ந்ததைப் பார்த்துத் தண்ணீர் கட்டுவதால்தான் கரிசலில் அதிகம் வீணாகிறது.

மேட்டின் கடைமடைத் தண்ணீர் பள்ளத்துக்குள் வழிகிறதா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். வழிந்தால் பள்ளத்துக்குக் கணக்கில் இல்லாத தண்ணீர் 3 நாளுக்கு ஒருமுறை சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கரை போட்டு வழிவதைத் தனி வாய்க்காலில் திருப்பினால் ஒழிய மஞ்சளிப்பு தீராது.

10. கடைசித் தண்ணீர்

அறுவடைக்கு முந்தைய நாட்களில் பயிர்க் கெழு வேகமாக இறங்குகிறது, நாளுக்கு 3–4 மி.மீ.தான் தேவை. துண்டின் தொட்டி நிரம்பிய நிலையில் அது எத்தனை நாள் தாங்கும் என்பதே கடைசித் தண்ணீரின் நாள். பள்ளத்தில் 54 மி.மீ. 15 நாள் தாங்கும், ஏப்ரல் 24-ஐ ஒட்டி நிறுத்தலாம். நடுவில் 11 நாள். மேட்டில் ஒரு வாரம். மணியின் அடியில் காம்பு சேரும் இடத்தைக் கிள்ளிப் பார்த்து, மணி முதிர்ந்ததைக் காட்டும் கறுப்பு அடுக்கு தெரிந்துவிட்டால் எந்தத் துண்டானாலும் அன்றோடு மோட்டாரை நிறுத்திவிடலாம்.